ஒரே லாகின் ஃபார்ம், பல பக்கங்கள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கோட்டை அகழி:

வேலூர் காந்தி ரோட்டைச் சுற்றியுள்ள லாட்ஜ்களுக்கு அறை பதிவு செய்யும் அப்ளிகேஷன் ஒன்றை இப்போது நான்தான் பார்த்துக்கொள்கிறேன். நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும், சி.எம்.சி. மருத்துவமனைக்கு வைத்தியத்துக்கு வருபவர்களில் மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், அஸ்ஸாம் பக்கத்து ஆட்கள் நிறையப் பேர். அந்தப் பக்கத்துக் கடைப் பலகைகளிலேயே வங்காள எழுத்தைப் பார்க்கலாம். ரயில் காட்பாடிக்கு வருவதற்கு முன்பே போனில் அறை தேடத் தொடங்கிவிடுவார்கள். தேதி போட்டு, அறையைத் தேர்ந்தெடுத்து, பதிவு செய்ய அழுத்தும்போதுதான் லாகின் கேட்கும். லாகின் ஆனதும் முகப்புப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டால், அதுவரை தேடியதெல்லாம் போச்சு. நோயாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சிக்னல் வந்து வந்து போகும் ரயிலில் உட்கார்ந்திருப்பவரை மறுபடி முதலிலிருந்து தேடச் சொல்வது எனக்குப் பொறுக்கவில்லை.

வேலை என் கைக்கு வந்தபோது மேல்பட்டையில் ஒரு லாகின் ஃபார்ம், அறைப் பக்கத்தில் ஒன்று, பணம் கட்டும் பக்கத்தில் ஒன்று என்று தனித்தனியாக எழுதியிருந்தார்கள். ஒன்று "இந்த மெயில் பதிவில் இல்லை" என்று சொல்லும், இன்னொன்று "பாஸ்வேர்டு தவறு" என்று சொல்லும். யாருக்கெல்லாம் கணக்கு இருக்கிறது என்று வெளி ஆள் வரிசையாகச் சோதித்துப் பார்க்க இந்த வித்தியாசமே போதும். செய்தியை வங்காளத்திலும் காட்டச் சொன்னபோது மூன்று இடத்தில் திருத்த வேண்டியிருந்தது. அன்றைக்கே எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடுவது என்று முடிவெடுத்தேன்.

நாங்கள் ஜாங்கோவில் (பைத்தானில் இணையதளம் எழுத உதவும் ஃப்ரேம்வொர்க்) எழுதுகிறோம். ஃபார்மை ஒரு சின்ன டெம்ப்ளேட்டாக, அதாவது பக்கத்தின் அச்சாக, பிரித்து, தேவையான இடத்தில் இன்க்ளூட் செய்வது சுலபம். சிரமம் அதற்கு அப்புறம்தான். சரிபார்ப்பதும் பிழை சொல்வதும் எல்லாப் பக்கத்துக்கும் பொது. லாகின் முடிந்து எங்கே திரும்ப வேண்டும் என்பதை மட்டும் அந்தந்தப் பக்கம்தான் சொல்ல வேண்டும். அதற்காக 'நெக்ஸ்ட்' என்று ஒரு மறைவுப் புலம் வைத்து, இருக்கும் பக்கத்தின் முகவரியை அதில் போட்டோம். அது இல்லாவிட்டால் ஜாங்கோ தன்பாட்டுக்கு 'அக்கவுண்ட்ஸ் ப்ரொஃபைல்' என்ற முகவரிக்கு அனுப்பும். அப்படி ஒரு பக்கத்தை நாம் எழுதியிருக்காவிட்டால் 'பக்கம் இல்லை' என்னும் 404 பிழைதான் வரும்.

பாஸ்வேர்டைத் தவறாக அடித்தால் என்ன நடக்கும் என்பதையும் பாருங்கள். லாகினைக் கவனிக்க ஜாங்கோவிலேயே இருக்கும் லாகின்வியூ, ஆள் இருந்த பக்கத்தைத் திரும்பக் காட்டாது. தன்னுடைய தனி லாகின் பக்கத்தைத்தான் காட்டும். அந்தப் பக்கத்து ஃபார்மிலும் நெக்ஸ்ட் புலம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாவது தடவை சரியாக அடித்தவர் எங்கேயோ போய் நிற்பார். இதைச் சோதிக்காமல் வெளியிடாதீர்கள்.

நெக்ஸ்டில் வருவதை அப்படியே நம்பவும் கூடாது. போலித் தளத்தின் முகவரியை அதில் ஒட்டி யாராவது லிங்க் அனுப்பினால், நம் தளத்தில் லாகின் செய்தவர் அங்கே போய் விழுவார். சாய்கோட்டில் (/) தொடங்கினால் நம் முகவரிதான் என்று விட்டுவிட முடியாது. இரண்டு சாய்கோட்டில் தொடங்கினால் பிரவுசர் அதை வேறு தளமாக எடுத்துக்கொள்ளும். லாகின்வியூ இதைத் தானே சோதித்துவிடுகிறது. சொந்தமாக வியூ எழுதுபவர்கள், ஜாங்கோ 3.0 முதல் 'யுஆர்எல் ஹேஸ் அலவுடு ஹோஸ்ட் அண்ட் ஸ்கீம்' என்ற பெயரில் இருக்கும், இந்தச் சோதனையைச் செய்யும் ஃபங்ஷனைக் கூப்பிடுங்கள்.

தேர்ந்தெடுத்த அறையையும் தேதியையும் செஷனில், அதாவது ஒவ்வொரு பிரவுசருக்கும் சர்வர் தற்காலிகமாக நினைவில் வைக்கும் தகவலில், வைத்திருக்கிறோம். லாகின் ஆகும்போது ஜாங்கோ செஷனின் சாவியை மாற்றும், உள்ளே இருப்பதை அழிக்காது. அதே பிரவுசரில் ஏற்கெனவே வேறு ஆள் லாகினில் இருந்தால்தான் முழுவதும் துடைக்கும். அது சரியும்கூட.

பாலாற்றங்கரை:

நான் ராணிப்பேட்டை. தோல் கம்பெனிகளுக்கு பேக்கிங் லிஸ்ட் போடும் அப்ளிகேஷன், ரியாக்ட்டில் (திரைகளை எழுத உதவும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி). எங்கள் தொந்தரவு வேறு மாதிரி. நீளமான பட்டியலைப் பாதி அடித்துவிட்டு லோடு பார்க்கப் போவார்கள். திரும்பி வருவதற்குள் செஷன் முடிந்திருக்கும். சேவ் அழுத்தினால் லாகின் பக்கம் வரும், அடித்ததெல்லாம் காணோம். கோபப்படாமல் என்ன செய்வார்கள்?

இப்போது சர்வரிடமிருந்து 'லாகின் இல்லை' என்று சொல்லும் 401 வந்தால் பக்கத்தை விட்டு நகராமல், மேலேயே லாகின் பெட்டி திறக்கும். தனி லாகின் பக்கத்தில் இருக்கும் அதே காம்போனன்ட்தான் (திரையின் தனித் துண்டு). லாகின் ஆனதும் என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் வெளியிலிருந்து ஒரு ஃபங்ஷனாகக் கொடுக்கிறோம். தனிப் பக்கத்தில் அது அடுத்த பக்கத்துக்குப் போகும், பெட்டியில் நின்றுபோன சேவை மறுபடி அனுப்பும். காம்போனன்ட்டுக்குள், பக்கம் மாற்றும் ரூட்டரைக் கொண்டுவந்து வைத்துவிட்டால் இது நடக்காது.

காட்பாடி ஜங்ஷன்:

கோட்டை அண்ணா, ஒரு கேள்வி. எல்லாப் பக்கத்திலும் ஃபார்ம் கட்டாயம் வேண்டுமா? நாங்களும் ஜாங்கோதான். ஒவ்வொரு ஃபார்மும் சிஎஸ்ஆர்எஃப் டோக்கனை (வேறு தளம் நம் பெயரில் ஃபார்ம் அனுப்பாமல் தடுக்கும் ரகசியக் குறியீடு) சுமந்துகொண்டு வருகிறது. லாகின் ஆனதும் ஜாங்கோ டோக்கனை மாற்றிவிடும். இன்னொரு டேப்பில் பழைய ஃபார்ம் திறந்தபடியே இருந்து அதை அழுத்தினால் 403, அதாவது 'அனுமதி இல்லை'. எங்கள் மாணவர்கள் பத்து டேப் திறந்து வைப்பவர்கள், கேட்கவே வேண்டாம். பொதுப் பக்கங்களை கேஷ் செய்யவும், அதாவது ஒருமுறை உருவாக்கிய பக்கத்தையே எல்லோருக்கும் கொடுக்கவும், முடியவில்லை. ஒருவருக்கு உண்டான டோக்கன் எல்லோருக்கும் போகக் கூடாதே.

கோட்டை அகழி:

நியாயமான கேள்வி, தம்பி. பொதுப் பக்கங்களில் நானும் ஃபார்மை எடுத்துவிட்டேன். மேல்பட்டையில் இப்போது நெக்ஸ்ட் சேர்த்த வெறும் லிங்க்தான். அறை, பணம் கட்டும் பக்கங்களில் மட்டும் ஃபார்ம் நிற்கிறது. அங்கே எப்படியும் கேஷ் கிடையாது. 403க்கு மட்டும் எங்கள் மொழிகளில் தனிப் பக்கம் எழுதி, திரும்பப் போக ஒரு பட்டன் வைத்தேன்.

இன்னொன்று. ஒரே பக்கத்தில் ஃபார்ம் இரண்டு இடத்தில் வந்தால் புலங்களின் அடையாளப் பெயரான ஐடி இரட்டிக்கும். கீழே உள்ள லேபிளைத் தொட்டால் மேலே உள்ள பெட்டியில் கர்சர் நிற்கும். அதற்கு ஜாங்கோ ஃபார்மின் 'ப்ரிஃபிக்ஸ்' (பெயருக்கு முன்னொட்டு) போடாதீர்கள். புலத்தின் பெயரே மாறிவிடும், லாகின்வியூவுக்கு அது புரியாது. ஐடியை உருவாக்கும் 'ஆட்டோ ஐடி'யை மட்டும் மாற்றுங்கள்.

பாலாறு நண்பரே, 401 வந்து மறுபடி லாகின் ஆகிறவர் வேறு ஆளாக இருந்தால் நின்றுபோன சேவ் யார் பெயரில் போகும்? ஒரே கம்ப்யூட்டரில் ஷிஃப்ட் மாறும் இடமாயிற்றே.

பாலாற்றங்கரை:

பழைய யூசர் ஐடியோடு ஒப்பிட்டுப் பார்க்கிறோம் அண்ணே. வேறு ஆள் என்றால் அனுப்ப மாட்டோம். பட்டியல் திரையிலேயே நிற்கும், "முந்தையவர் அடித்தது, தொடரலாமா?" என்று கேட்போம். சரி என்றால்தான் புது ஆள் பெயரில் போகும்.