நேர்முகப் பரீட்சைக்குப் போய் மூக்குடைபட்ட கதை உங்களிடமும் இருக்கிறதா? (மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம்)

கல்லடிப் பாலத்தடி:
ஏழு வருடமாகிவிட்டது, இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. ஒரு தனியார் கம்பனி மட்டக்களப்பில் கிளை திறக்க ஆள் எடுத்தது. நாளைக் காலை ஒன்பது மணிக்கு வாருங்கள் என்று பின்னேரம் நாலு மணிக்குத்தான் போன் வந்தது. கையில் சீவி (சுயவிபரக் கோவை) இல்லை. டவுனில் ஒரு கொமினிகேஷனுக்கு, டைப் அடித்துப் பிரதி எடுத்துத் தருகிற கடைக்கு, ஓடினேன். கடைக்கார அண்ணன் வேறு யாரோ ஒருவருடைய சீவியைத் திறந்து, பெயரையும் விலாசத்தையும் ஓ.எல், ஏ.எல் பெறுபேறுகளையும் மாற்றி, இருபது நிமிடத்தில் இரண்டு பிரதி எடுத்துத் தந்தார். "நாளைக்குத்தானே மனே, இது காணும்" என்றார். என் பெயரில் எழுத்துப் பிழை இல்லை என்பதை மட்டும் பார்த்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

உள்ளே மூன்று பேர். பத்து நிமிடம் தமிழிலும் அரைகுறை இங்கிலீஷிலும் நல்லபடியாகத்தான் போனது. நடுவில் இருந்த சிங்கள ஐயா அதுவரை வாய் திறக்கவில்லை. சீவியைப் பார்த்தவர் முகம் மலர்ந்து, "கம கொஹெத?" என்றார். ஊர் எது என்று கேட்டிருக்கிறார். அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை. வாயில் வந்த ஒரே சிங்களத்தைச் சொன்னேன்: "ஓவ்." ஆம் என்று அர்த்தம்.

அவர் சிரித்திருந்தால் மறந்திருப்பேன். சிரிக்கவில்லை. தாளை என் பக்கம் திருப்பி ஒரு வரிக்குக் கீழே பேனையை வைத்தார். மொழிகள்: தமிழ் மிக நன்று, சிங்களம் மிக நன்று. அது எனக்கு முந்திய ஆளுடைய சிங்களம்! கடையில் தவறிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். நாக்கு எழும்பவில்லை. அந்தப் பேனை நுனி இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

நாற்பதாவது பாத்திமா:
தம்பி, உங்களுக்காவது அடுத்தவருடைய மொழி. எனக்கு அடுத்தவளுடைய நற்பெயர். சீவியின் கடைசியில் உறவினரல்லாத இருவர் பெயர் போடுவோமே, அதில் எங்கள் பள்ளிக்கூட அதிபரைப் போட்டிருந்தேன். அவரிடம் கேட்கவில்லை. யார் போன் எடுக்கப் போகிறார்கள் என்ற நினைப்பு.

கல்முனையில் நேர்முகம். எனக்கு முன்னாலேயே எடுத்தார்கள், அதுவும் ஸ்பீக்கரில். "எந்தப் பாத்திமா? நான் படிப்பிச்ச பாத்திமா நாப்பது பேர் இருக்காங்க" என்றார் சேர். ஃபேன் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்கிறது. பிறகு அவரே, "ஓ, சம்மாந்துறையில இருந்து பஸ்ஸில வார புள்ளயா? கணக்கில சரியான கெட்டிக்காரி" என்றார். நான் நிந்தவூர். கணக்கில் எனக்கு எஸ், வெறும் சாதாரண சித்தி. எதிரே இருந்தவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார், நானும் ஆட்டினேன்.

வேலை கிடைத்தது, கணக்குப் பிரிவில். சம்மாந்துறைப் பாத்திமா எங்கே இருக்கிறாளோ.

பழைய எழுதுவினைஞர்:
கல்லடித் தம்பி கடைக்காரர் தலையில் பழியைப் போடுவதை நான் ஒப்பமாட்டேன். தன் பெயரில் போகிற தாளை வாசிக்காமல் கொண்டுபோனது யார்?

என் கதை சின்னது. அரசாங்க அறிவித்தல்கள் வருகிற வர்த்தமானியில் கண்ட ஒரு பதவிக்கு விண்ணப்பித்தேன். உறையின் இடது பக்க மேல் மூலையில் பதவியின் பெயரை எழுத மறந்தேன். நேர்முகத்துக்கே கூப்பிடவில்லை. அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நான் கற்றதைச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை வர்த்தமானியைக் கடைசிப் பக்கம் வரை வாசியுங்கள். தகைமை என்ற பகுதியில் கேட்ட ஒழுங்கிலேயே உங்கள் தகைமையை எழுதுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைக் கோவையில் குத்தி வையுங்கள். கிராம உத்தியோகத்தர் நற்சான்றிதழில் பிரதேச செயலாளரின் மேலொப்பம் இருக்கிறதா, ஆறு மாதம் கடந்துவிட்டதா என்று பாருங்கள். கூப்பிட்ட பிறகு அதற்கு அலைந்தால் கிராம உத்தியோகத்தர் அன்றைக்குத்தான் கூட்டத்துக்குப் போயிருப்பார். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து என்றிருந்தால் அதை முன்கூட்டியே சரிசெய்யுங்கள், நம் பக்கம் பாதிப் பேருக்கு அந்தக் கரைச்சல் உண்டு. பழைய அடையாள அட்டையில் ஒன்பது இலக்கமும் ஒரு எழுத்தும், புதியதில் பன்னிரண்டு இலக்கம். கையில் இருக்கிற அட்டையைப் பார்த்து எழுதுங்கள். மனப்பாடத்தில் எழுதாதீர்கள். என்.வி.கியூ என்ற தொழிற்தகைமை இருந்தால் மட்டத்தையும் போடுங்கள். நான்காம் மட்டம் சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா. வெறுமனே 'கோர்ஸ் முடித்தேன்' என்றால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. மூலப் பிரதிகளைக் கேட்ட ஒழுங்கில் அடுக்கிக் கொண்டு போங்கள். ஒருவர் சான்றிதழைத் தேடித் தேடி மேசை முழுக்கப் பரப்பி, கடைசியில் கல்யாண அழைப்பிதழை எடுத்து நீட்டியதை நான் பார்த்திருக்கிறேன்.

சிங்களமும் படியுங்கள் தம்பி. 2007 ஜூலை முதல் அரச சேவையில் சேர்ந்தவர்களுக்கு மற்ற அரச கரும மொழியில் தேர்ச்சி கட்டாயம்.

வந்தாறுமூலைப் பட்டதாரி:
ஐயா, இவ்வளவையும் யார் கேட்டார்கள்? அவர் போனது தனியார் கம்பனிக்கு. வர்த்தமானியும் மேலொப்பமும் அங்கே எதற்கு?

அதோடு 1987இல் பதின்மூன்றாவது திருத்தத்திலேயே தமிழும் அரச கரும மொழியாகிவிட்டது. மட்டக்களப்பில் திறக்கிற கிளைக்கு ஏறாவூரில் இருந்தும் செங்கலடியில் இருந்தும் வருகிற சனம் எந்த மொழியில் பேசும்? வெட்கப்பட வேண்டியது தமிழ் தெரியாமல் ஆள் எடுக்க வந்தவர்தான்.

கல்லடிப் பாலத்தடி:
அண்ணன், அந்த ஐயா மேல் எனக்குக் கோபமே இல்லை. தெரியும் என்று என் தாள்தான் சொன்னது, அவர் அதை நம்பினார். எழுதுவினைஞர் ஐயா சொன்னதிலும் உண்மை இருக்கிறது, ஆனால் ஏழு வருடம் பிந்திவிட்டது.

அறுகம்பே மணல்:
இடையில் என்னுடையதையும் போட்டுவிடுகிறேன். சீசன் தொடங்க முன், சித்திரையில், ஒரு ஹோட்டலுக்கு வெயிட்டர் வேலைக்குப் போனேன். மச்சானின் கறுப்புச் சப்பாத்து, மாமாவின் டை. "டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்" எல்லாம் பொத்துவில் பஸ்ஸிலேயே பாடமாக்கிவிட்டேன். முதலாளி அரைக் காற்சட்டையோடு கடற்கரையில் நின்றார். சீவியை வாங்கவே இல்லை. "சப்பாத்தைக் கழட்டு, அந்த நாலு பிளேட்டையும் தூக்கிட்டு அந்தத் தென்னை வரைக்கும் போயிட்டு வா." போனேன். மூன்று பிளேட்டோடு திரும்பி வந்தேன்.

நாற்பதாவது பாத்திமா:
நாலாவது?

அறுகம்பே மணல்:
மணலில்தான் விழுந்தது, உடையவில்லை. அதனால் எடுத்தார்கள் என்று நினைக்கிறேன். டையை மாமாவிடம் திருப்பிக் கொடுக்கும்போதுதான் பார்த்தேன், விலைச் சீட்டு இன்னும் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது.

கல்லடிப் பாலத்தடி:
இதை நான் எழுதத் தொடங்கியதற்கே காரணம் போன கிழமை நடந்ததுதான், சொல்ல மறந்துவிட்டேன். அதே கொமினிகேஷனுக்கு போட்டோ கொப்பி எடுக்கப் போனேன். வவுணதீவுப் பக்கத்துப் பையன் ஒருவன் சீவி அடிக்கக் குந்தியிருந்தான். கம்பியூட்டரை எட்டிப் பார்த்தால் மேலே என் அப்பாவின் பெயர் இருக்கிறது! அண்ணன் அதை அழித்து அவனுடைய அப்பாவின் பெயரை அடித்துக்கொண்டிருந்தார். கீழே அதே வரி: சிங்களம் மிக நன்று.

வந்தாறுமூலைப் பட்டதாரி:
பொடியனிடம் சொன்னீர்களா?

கல்லடிப் பாலத்தடி:
சொன்னேன். கொழும்பில் மூன்று வருடம் கடையில் நின்றவனாம். "அது கிடக்கட்டும் அண்ணன், எனக்குச் சிங்களம் தெரியும். இங்கிலீஷுக்கு நேரே இருக்கிறதைத்தான் அழிக்கச் சொல்லுங்க" என்றான்.