ஓடர் பிடிக்கும் பையன்களுக்குச் சம்பளமும் கொமிஷனும் எப்படி வைப்பது?

ஹட்டன் கெமராக்கடை:

வணக்கம் எல்லாருக்கும். ஹட்டனில் சின்ன அளவில் பாதுகாப்புக் கெமரா பொருத்தும் வேலை செய்கிறேன். கடைகள், நுவரெலியாப் பக்கம் விடுதிகள், சில பங்களாக்கள் என்று ஏழு வருடமாக ஓடுகிறது. பொருத்துவதற்கு இரண்டு பேர், ஓடர் பிடிக்க இரண்டு பேர். ஓடர் பிடிப்பவர்களுக்கு மாதம் 25,000 ரூபா, அதற்கு மேல் பில் தொகையில் 10 வீதம். ஆரம்பத்தில் யாரோ சொன்ன கணக்கு, அதை அப்படியே விட்டுவிட்டேன்.

போன மாதம் தலவாக்கலையில் ஒரு பலசரக்குக் கடை. எட்டு கெமரா, ரெக்கோடர், ஹாட் டிஸ்க், வயர் எல்லாம் சேர்த்து 180,000க்குக் கொட்டேஷன் போட்டோம். சாமானுக்கு 128,000, ஆள்கூலிக்கும் வான் செலவுக்கும் 18,000. கடைக்காரர் பேரம் பேசியதும் பையன் 15,000 குறைத்து 165,000க்கு முடித்துவிட்டு வந்தான். அவனுக்கு 16,500. எனக்கு மிஞ்சியது 2,500. பிறகு மழையில் வெளிக் கெமரா ஒன்றுக்குள் ஈரம் இறங்கி இரவில் படம் பால் ஊற்றிய மாதிரி வெள்ளையாக வந்தது, அதைக் கழற்றி மாற்ற இன்னொரு தடவை போனதில் அந்த 2,500உம் முடிந்தது.

மற்றவன் பிடித்த ஓடர் நுவரெலியாவில் ஒரு விடுதி. ஏப்ரல் சீசன் முடிந்ததும் மீதிக் காசு தருகிறேன் என்றார்கள், இன்னும் வரவில்லை. காசு வராமல் எப்படிக் கொடுப்பது என்று அவனுடைய 14,000ஐ மூன்று மாதமாகப் பிடித்து வைத்திருக்கிறேன். அவன் இப்போது முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவனைக் குறை சொல்லவும் முடியவில்லை, பிள்ளை இந்த வருடம்தான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருக்கிறது.

ஜூன், ஜூலை மழையில் மாதத்துக்கு ஒரு ஓடர் வந்தாலே பெரிது. வருடப் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் பற்றி வாடிக்கையாளரிடம் இருவரும் வாயே திறப்பதில்லை. எவ்வளவு சம்பளம் வைப்பது, கொமிஷனை எதன் மேல் போடுவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதுளைக் கணக்குக்காரி:

அண்ணா, முதலில் சட்டம், பிறகு கொமிஷன். 25,000 என்பதை இந்த மாதமே மாற்றுங்கள். குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ஆகி, 2026 ஜனவரியிலிருந்து 30,000 ஆகிவிட்டது. நிலையான சம்பளத்தை அதற்குக் கீழே எழுதாதீர்கள். அப்புறம் ஊழியர் சேமலாப நிதி (EPF). நம் பக்கம் நிறையப் பேர் அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டும் கட்டிவிட்டு இருக்கிறார்கள், ஆனால் கொமிஷனும் அந்தக் கணக்கில் சேரும். நீங்கள் 12 வீதம், பையன் 8 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு (ETF) நீங்கள் இன்னும் 3 வீதம். அதாவது அவனுக்கு 100 ரூபா கொமிஷன் என்றால் உங்களுக்கு அது 115 ரூபா. இதைச் சேர்க்காமல் வீதத்தை முடிவு செய்யக்கூடாது.

இப்போது உங்கள் தலவாக்கலைப் பில்லையே எடுப்போம். பையன் 15,000 குறைத்ததில் அவனுக்கு நட்டம் வெறும் 1,500. உங்களுக்கு 13,500. அவன் கெட்டவன் இல்லை அண்ணா, நீங்கள் போட்ட கணக்கு அவனை அப்படிச் செய்யச் சொல்கிறது. கடைக்காரரிடம் ஒரு மணித்தியாலம் நின்று வாதாடுவதை விட 1,500ஐ விட்டுக்கொடுத்துவிட்டு அடுத்த கடைக்குப் போவது அவனுக்கு லாபம்.

பில் தொகையை விட்டுவிடுங்கள். சாமான், கூலி, வான் செலவு போக மிஞ்சுவதில் 40 வீதம் கொடுங்கள். கேட்டதும் பெரிதாகத் தெரியும், போட்டுப் பாருங்கள். விலை குறைக்காமல் விற்றால் மிச்சம் 34,000, அவனுக்கு 13,600. 15,000 குறைத்தால் மிச்சம் 19,000, அவனுக்கு 7,600. இப்போது வாயால் குறைக்கும்போது அவன் பையிலிருந்தும் 6,000 போகிறது.

இதே அளவில் மாதம் மூன்று ஓடர் என்று வைத்தால், இன்று குறைத்து விற்று 74,500 எடுக்கிறான், உங்களுக்கு மூன்றிலும் சேர்த்து 7,500, அவனுடைய 25,000 சம்பளமே அதில் வராது. புதுக் கணக்கில் விலை குறைக்காமல் விற்றால் 30,000 சம்பளத்தோடு 70,800 எடுப்பான், உங்களிடம் 61,200 நிற்கும், அதில் அவன் சம்பளமும் உங்கள் 15 வீதமும் போக ஏறக்குறைய 20,500 மிஞ்சும். அவனுக்குக் குறைகிற கொஞ்சத்தைப் பெட்ரோல் காசாகத் தனியே கொடுங்கள். நம் மலைப் பாதையில் பெட்ரோலைக் கொமிஷனுக்குள் அடக்கினால் பொகவந்தலாவைக்கும் மஸ்கெலியாவுக்கும் யாரும் போகமாட்டார்கள், ஹட்டன் டவுனையே சுற்றிக்கொண்டிருப்பார்கள்.

கொட்டகலை ரவுண்டு:

அக்கா சொல்வது சரி, ஆனால் மிச்சத்தில் பங்கு என்றால் கொள்விலையைப் பையனுக்குக் காட்டவேண்டுமே. காட்டினால் ஆறு மாதத்தில் அவனே எதிரில் கடை போடுவான். காட்டாவிட்டால் நம்பமாட்டான்.

கொழுந்து மலை:

நான் பத்து வருடம் ஓடர் பிடித்தவன், பையன்கள் பக்கத்திலிருந்து சொல்கிறேன். எங்கள் அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். அங்கே 18 கிலோ எடுத்தால் பேர், அதாவது முழுநாள் சம்பளம், குறைந்தால் அரைப்பேர், கூடினால் கிலோவுக்கு இவ்வளவு. பார்த்தால் கொமிஷன் மாதிரியேதான். ஆனால் தராசில் 22 காட்டினாலும் சாக்குக்கு, ஈரத்துக்கு என்று கழித்துவிட்டு 19 என்றோ 18 என்றோ எழுதுவார்கள். எவ்வளவு கழிப்பார்கள் என்று முதல் நாள் தெரியாது, மறுநாள் வேறு கணக்கு. அம்மா இரவில் விரல் விட்டு எண்ணிக்கொண்டு இருப்பார், சம்பள நாளில் அந்த எண் ஒருநாளும் சரியாக வந்ததில்லை. கிலோவுக்குக் கொடுத்த காசு குறைவு என்பதை விட, தான் எண்ணியது தப்பாகிப்போவதுதான் அவருக்கு வலித்தது.

உங்கள் பையன்களுக்கும் அதுதான் முக்கியம். ஓடர் முடித்துவிட்டு பஸ்ஸில் வரும்போதே தன் கொப்பியில் தன் கொமிஷனை அவனே எழுதக்கூடியதாக இருக்கவேண்டும். முதலாளி மாதக் கடைசியில் செலவு இவ்வளவு, மிச்சம் இவ்வளவு என்று சொல்கிற கணக்கு அவனுக்குக் கழிவு வெட்டுகிற தராசு மாதிரிதான் இருக்கும், நீங்கள் எவ்வளவு நேர்மையாகப் போட்டாலும்.

ஆகவே அக்காவின் கணக்கையே இப்படி மாற்றுங்கள். போட்ட விலையில் விற்றால் கெமரா ஒன்றுக்கு 1,700 ரூபா. விலை குறைத்தால், குறைக்கிற ஒவ்வொரு 1,000க்கும் அவன் பங்கிலிருந்து 400 வெட்டு. எட்டு கெமராவுக்கு 13,600. 15,000 குறைத்தால் 6,000 வெட்டு, 7,600. அதே எண், கொள்விலை யாருக்கும் தெரியத் தேவையில்லை. சாமான் விலை ஏறினால் கொட்டேஷன் விலையைப் பாருங்கள், அவனுடைய 1,700ஐத் தொடாதீர்கள்.

ஹட்டன் கெமராக்கடை:

இந்த 1,700, 400 கணக்கு மனதுக்குப் பிடித்துவிட்டது, இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். அக்கா, சம்பள விஷயம் தெரியாமல் செய்தது, இந்த மாதமே திருத்துகிறேன். காசு வராத ஓடருக்கு என்ன செய்வது? மழை மாதத்துக்கு அட்வான்ஸ் கொடுத்து, ஓடர் வரும்போது கழித்துக்கொள்ளலாமா?

பண்டாரவளை வேலைத்தளம்:

தம்பி, அட்வான்ஸ் வேண்டாம். நானும் செய்தேன். மூன்று மாதத்தில் ஒரு பையன் தலையில் 60,000 ஏறிவிட்டது. அதற்குப் பிறகு அவன் ஓடர் பிடிப்பது கடன் அடைக்க, வீட்டுக்குக் கொண்டுபோக இல்லை. கடைசியில் சொல்லாமல் கொள்ளாமல் கொழும்புக்குப் போய்விட்டான். காசு போனது ஒரு பக்கம், அவன் வீட்டாரைச் சந்தையில் பார்க்க எனக்கே கூச்சமாக இருந்தது. நம் பாட்டன்மார் கடன் தீராமல் தோட்டத்தை விட்டுப் போகமுடியாமல் கிடந்த துண்டு முறை 1921இல் ஒழிந்தது, நம் கடையில் நாமே அதைத் திரும்பக் கொண்டுவரக்கூடாது. 30,000 சம்பளம் இருக்கிறதே, மழை மாதத்தில் அவன் அதில் நிற்கட்டும்.

மழைக்கு வேறு வழி உண்டு. தென்மேற்கு மழை உங்கள் பக்கச் சரிவில் அடிக்கும்போது எங்கள் ஊவாப் பக்கம் காய்ந்து கிடக்கும். ஜூன், ஜூலையில் பையன்களை வெலிமடை, பண்டாரவளை, எல்ல பக்கம் அனுப்புங்கள், தங்கும் செலவு உங்களுடையது. எங்களுக்கு மார்கழி, தையில் மழை, அப்போது நான் ஆட்களை உங்கள் பக்கம் அனுப்புகிறேன்.

காசு வராத ஓடருக்கு: முற்பணம் பாதி வாங்காமல் வயர் இழுக்காதீர்கள். முற்பணம் வந்த மாதம் கொமிஷனில் பாதி, மீதிக் காசு வந்ததும் மீதி. ஆனால் ஒன்று. பொருத்தும் ஆள் இல்லாமல் வேலை இழுபட்டு, அதைக் காரணம் காட்டி வாடிக்கையாளர் காசை நிறுத்தினால் அது உங்கள் தவறு, பையனுடைய பாதியைப் பிடிக்காதீர்கள்.

பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு நான் முதல் தடவை விற்பவனுக்கு 2,000 கொடுக்கிறேன், அடுத்த வருடம் புதுப்பித்தால் பொருத்தும் பையனுக்கு 1,000. ஏணியில் ஏறி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே அவன் சொல்வதைத்தான் வாடிக்கையாளர் நம்புவார். அதோடு, எட்டு கெமராவுக்கும் பழைய வயரே போதும் என்று விற்பவன் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு வருவதும் குறைந்தது, ஏனென்றால் இப்போது இருவரும் போனில் பேசிவிட்டுத்தான் கொட்டேஷன் கொடுக்கிறார்கள்.

பதுளைக் கணக்குக்காரி:

இதையெல்லாம் நியமனக் கடிதத்தோடு ஒரு தாளில் தமிழில் எழுதி நீங்களும் பையனும் கையெழுத்துப் போடுங்கள். 1,700, 400, பாதி எப்போது, மீதி எப்போது, வேலையை விட்டுப் போனால் வரவேண்டிய மீதி என்ன ஆகும் என்பது உட்பட. சம்பளம் மாதம் முடிந்து 10 நாளுக்குள் போகவேண்டும். பழைய ஓடர்களுக்குப் பழைய 10 வீதமே, அதில் கை வைக்காதீர்கள்.

ஹட்டன் கெமராக்கடை:

எல்லாருக்கும் நன்றி. அந்த விடுதியில் வேலை பிந்தியது உண்மையில் எங்கள் பக்கத்தால்தான், ரெக்கோடர் கொழும்பிலிருந்து வர இரண்டு கிழமை ஆனது, அதை நான் முதலில் எழுதவில்லை. நாளைக் காலையில் அவனைக் கூப்பிட்டு 14,000ஐக் கையில் கொடுக்கிறேன். புதுத் தாளை அதற்குப் பிறகுதான் எடுப்பேன். பண்டாரவளை அண்ணே, ஜூனில் இரண்டு பேரை அனுப்புகிறேன், தங்க ஓர் அறை பார்த்து வையுங்கள்.