டாஹோ கேபின்களில் கரடி: வீட்டுக்கொரு பெட்டியா, கூண்டா?

ஏரிக்கரையான்:
கலிஃபோர்னியாவின் சௌத் லேக் டாஹோ பக்கம், பைன் காட்டை ஒட்டி 40 கேபின்கள் கொண்ட குழுமம். பாதிக்கு மேல் வார இறுதி வாடகைக்குப் போகிறவை. அடுத்த கூட்டத்தில் இரண்டு தீர்மானங்கள் வருகின்றன. குப்பைத் தொட்டியை வைத்துப் பூட்ட வீட்டுக்கு ஒரு இரும்பு பேர் பாக்ஸ் கட்டாயம் என்பது ஒன்று. கதவு திறக்கப் பழகிவிட்ட கரடியைப் பிடித்து அப்புறப்படுத்தக் கோரி மாநில வனவிலங்குத் துறைக்கு மனு என்பது இன்னொன்று. எதற்குக் கை தூக்கலாம்?

வரவுசெலவு:
மனுவுக்குத்தான். பெட்டி ஒன்று, பொருத்துக்கூலியோடு 1500 டாலர் என்று வைத்தாலும் 40 வீட்டுக்கு 60,000 டாலர். அதைப் போட்டாலும் ஏற்கெனவே வீடு புகுந்து ஃபிரிட்ஜ் திறந்த கரடி அந்த ருசியை மறக்குமா? குட்டி ஒன்றரை வருஷம் தாயோடு சுற்றுகிறது. தாய்க்குத் தெரிந்ததெல்லாம் அதற்கும் வந்துவிடும். 2023 ஆகஸ்டில் பிடிபட்ட, 64எஃப் என்று எண்ணிட்ட பெண் கரடி டாஹோவில் குறைந்தது 21 வீடுகளை உடைத்தது மரபணுச் சோதனையில் உறுதியானது. அதே வருஷம் நவம்பரில் டவுனிவில்லில் வீட்டுக்குள்ளேயே ஒரு பெண்மணி உயிரிழந்தார். கலிஃபோர்னியாவில் கருங்கரடியால் நேர்ந்ததாகப் பதிவான முதல் சாவு அது. இன்னும் எதற்குக் காத்திருக்க வேண்டும்?

பைன்மரம்:
64எஃப் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்களே. 2022-ல் ஊரே 'ஹேங்க் தி டேங்க்' என்ற ஒரே ஒரு 225 கிலோ கரடியைத்தான் தேடிக்கொண்டிருந்தது. மரபணு பார்த்தால் வீடு உடைத்தவை குறைந்தது மூன்று! அதில் ஒன்றான 64எஃப்பைக் கொலராடோ சரணாலயத்துக்கு அனுப்பினார்கள், சரி. அது தின்ற குப்பை அங்கேயேதான் கிடக்கிறது. அடுத்தது வராமல் என்ன செய்யும்?

சரணாலயத்தில் இடம் கிடைப்பது அபூர்வம். காட்டில் கொண்டுபோய் விட்டாலும் திரும்பி வரும். பக்கத்து நெவாடா மாநிலத்தில் 62 ஊர்க் கரடிகளைப் பிடித்து, ரப்பர் குண்டு, மிளகாய் ஸ்பிரே, கரடி விரட்டும் கரேலியன் நாய் என்று விரட்டி ஆராய்ந்து 2004-ல் முடிவு வெளியிட்டார்கள். ஐந்தைத் தவிர மற்றதெல்லாம் ஊருக்கே திரும்பின.

வரவுசெலவு:
நீங்களே என் வாதத்தை எடுத்துக் கொடுக்கிறீர்கள். விரட்டினால் திரும்பும் என்றால் மிச்சமிருப்பது ஒரே வழிதானே? சேதம் செய்த கரடி என்று துறையிடம் அனுமதி வாங்கிக் கொல்வது.

பைன்மரம்:
தடுப்பு வேலை எதுவுமே செய்யாத இடத்துக்கு அந்த அனுமதி அவ்வளவு சுலபமாக வராது. கொலராடோவின் டுராங்கோ ஊரைப் பாருங்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட கரடி தாங்கும் தொட்டிகளைச் சில பகுதிகளுக்கு மட்டும் கொடுத்து, கொடுக்காத பகுதிகளோடு ஒப்பிட்டார்கள். கொடுத்த இடத்தில் குப்பையால் வந்த தொல்லை 60 விழுக்காடு குறைவு. கரடியை யாரும் எண்ணிக் குறைக்கவில்லை, தொட்டியைத்தான் மாற்றினார்கள்.

வரவுசெலவு:
டுராங்கோ ஊர்க்காரர்கள் நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள். குப்பை வண்டி வரும் காலையில் தொட்டியை வெளியே தள்ளுவார்கள். இங்கே விருந்தினர் ஞாயிறு மதியம் கிளம்புகிறார், வண்டி செவ்வாய்தான் வருகிறது. எட்டுப் பேர் தின்ற கோழி எலும்பும் பீட்சா அட்டையும் பெட்டிக்கு மேல் மூட்டையாகக் கிடக்கும். பெட்டி வாங்க வைக்கலாம், பூட்ட வைக்க முடியுமா?

கொல்லன்பட்டறை:
இது நியாயமான கேள்வி. பெட்டி தோற்பது இரும்பால் அல்ல, ஆளால். நான் பெட்டிக்கே கை தூக்குவேன். ஆனால் தீர்மானத்தில் வெறும் 'பேர் பாக்ஸ்' என்று எழுதினால் காசு தண்டம்.

அளவு முதலில். 120 லிட்டர் தொட்டி இரண்டு கொள்ளும் பெட்டி வேண்டும். வாடகை வீட்டுக்கு ஒரு தொட்டி பெட்டி ஒரே வார இறுதியில் நிரம்பும். கதவு ஒரு விரல் அளவு திறந்து நின்றாலும் கரடிக்கு அது கைப்பிடி. தாழ்ப்பாள் மேல்மூடிக்கு உள்ளே இருக்க வேண்டும். மனித விரல் மடங்கி உள்ளே போய் இழுக்கும், கரடிப் பாதத்துக்கு அந்த மடக்கு வராது. மொன்டானாவின் வெஸ்ட் யெல்லோஸ்டோனில் கூண்டில் உள்ள கிரிஸ்லி எனும் பெரிய பழுப்புக் கரடிகளிடம் 60 நிமிடம் கொடுத்துச் சோதித்துச் சான்று தருகிறார்கள். அந்தச் சான்று உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

கான்கிரீட் தளத்தில் போல்ட் போட்டு இறுக்காவிட்டால் கரடி பெட்டியையே குப்புறத் தள்ளி ஆட்டும். பனிக்காலம்தான் பெரிய தொல்லை. பனி ஒதுக்கும் வண்டி சாலையோரம் குவித்துவிட்டுப் போகும் பனி, உறைந்து கல்லாகிக் கதவை மறிக்கும். விருந்தினர் மண்வெட்டி தேடவா போகிறார்? மூட்டையை வெளியே வைத்துவிடுவார். அதனால் கால் வைத்து உயர்த்திய பெட்டி, தெருவுக்குப் பக்கவாட்டில் திறக்கும் கதவு.

பறவைத் தீனியையும் சேர்த்துத் தடை செய்யுங்கள். மூன்று கிலோ சூரியகாந்தி விதையில் சுமார் 12,000 கலோரி இருக்கிறது. இலையுதிர் காலக் கரடி நாளைக்கு 20,000 வரை தின்னும். பாதிக்கு மேல் ஒரே மூச்சில் கிடைத்தால் எதற்குக் காட்டில் பெர்ரி பொறுக்க வேண்டும்?

மலைமுகடு:
இவ்வளவு எதற்கு? கதவு முன் ஷாக் அடிக்கும் எலக்ட்ரிக் மேட் போட்டால் முடிந்தது. வாசலில் கொஞ்சம் பேர் ஸ்பிரேயும் (கரடி விரட்டும் மிளகாய் ஸ்பிரே) அடித்து வைக்கலாம்.

கொல்லன்பட்டறை:
ஸ்பிரேயை மட்டும் அப்படிச் செய்யாதீர்கள்! முகத்தில் பட்டால்தான் எரியும். காய்ந்த மிளகாய் எண்ணெய்ப் படிவு கரடியை வரவழைக்கும், அது வந்து கதவை நக்கும். ஸ்பிரே ஏழெட்டு மீட்டருக்குள் வந்துவிட்ட கரடி முகத்துக்கு மட்டும்.

மேட் நல்லதுதான், இடம் தெரிந்து போட வேண்டும். டாஹோ மண் கிரானைட் பொடி, கோடையில் எலும்பாகக் காயும். தரையில் எர்த் கம்பி அடித்தால் மின்சாரம் சுற்று முடிக்காது, கரடி மேட்டில் நின்றபடியே பூட்டை ஆராயும். அதனால் மின்பட்டையும் எர்த் பட்டையும் ஒரே மேட்டில் அருகருகே ஓடும் வகை வாங்குங்கள். ஒரே பாதம் இரண்டையும் மிதிக்கும். மேலே காய்ந்த பனி மூடினால் ஷாக் ஏறாது, ஈரப் பனி என்றால் ஷார்ட் ஆகும். பெருக்கிக்கொண்டே இருக்க வேண்டும். வாடகை வீட்டில் விருந்தினர் முதல் நாளே ஸ்விட்சை அணைப்பார். ஆகவே ஆள் இல்லாத நாளுக்கு மட்டும் மேட்.

பைன்மரம்:
கிரால் ஸ்பேஸையும் (வீட்டுத் தரைக்கடியில் உள்ள இடைவெளி) தீர்மானத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். வீட்டுக்கடியில் கரடி குளிர்கால உறக்கத்துக்குப் புகுந்தால் தண்ணீர்க் குழாயும் இன்சுலேஷனும் போச்சு.

கொல்லன்பட்டறை:
ஆமாம், அக்டோபருக்குள் அடைக்க வேண்டும். அதற்கு முன் உள்ளே யாரும் இல்லை என்று தெரிய வேண்டும். திறப்பில் கசக்கிய செய்தித்தாளைத் தளர்வாக அடைத்து விடுங்கள். மூன்று இரவு அசையாமல் இருந்தால் காலி. பிறகு முக்கால் அங்குல ப்ளைவுட். ஆணி வேண்டாம், ஸ்க்ரூ. பலகை சட்டத்துக்குள் சமமாகப் பதிய வேண்டும், நகம் மாட்டும் விளிம்பு இருந்தால் உரித்து எறிந்துவிடும். காற்றுத் துளையை மூடாமல் கனத்த இரும்பு வலை. ஜனவரி, பிப்ரவரியில் குட்டி போட்டிருந்தால் விரட்டாதீர்கள், துறைக்குச் சொல்லுங்கள்.

வரவுசெலவு:
சரி, பெட்டிக்குக் கை தூக்குகிறேன். ஆனால் ஒரு திருத்தம்: வாடகைக்கு விடுபவர்கள் ஞாயிறு மாலையே குப்பை எடுக்க ஆள் வைக்க வேண்டும், வெளியே மூட்டை கண்டால் அபராதம் வீட்டுக்காரருக்கு, விருந்தினருக்கல்ல. அது நிறைவேறாவிட்டால் மனுவுக்கும் என் ஓட்டு உண்டு.

பைன்மரம்:
திருத்தத்துக்கு நானும். மனுவுக்கு மாட்டேன்.

ஏரிக்கரையான்:
காருக்கு என்ன செய்வது?

கொல்லன்பட்டறை:
சூயிங்கம் கூட உள்ளே வைக்காதீர்கள், பூட்டுங்கள். இப்போதைய கார்க் கைப்பிடியை நகத்தால் இழுத்துத் திறந்துவிடும். உள்ளே போனபின் கதவு தானாகச் சாத்திக்கொண்டால் சீட்டெல்லாம் பஞ்சாகும். அருகில் போய்த் திறக்காதீர்கள். ஷெரிஃப் ஆட்கள் கைப்பிடியில் கயிறு கட்டித் தூரத்திலிருந்து இழுப்பார்கள்.

மலைமுகடு:
மேட் எத்தனை ஜூல் போதும்?

கொல்லன்பட்டறை:
மேட்டுக்கு ஷாக் தரும் கருவியான எனர்ஜைசர் ஒரு ஜூல் இருந்தால் தைரியமாகப் போடலாம். எச்சரிக்கைப் பலகை மறக்காதீர்கள், பார்சல் கொண்டு வருபவருக்கும் கால் இரண்டுதான்.