நாள் முழுக்கப் பேச்சு: நம் தேசிய வானொலிக்கு ஒத்துவருமா?

நானுஓயா நேயர்:
பிபிசியின் ரேடியோ ஃபோர் என்ற நிலையத்தை இப்போது இணையத்தில் கேட்கிறேன். பிரித்தானியாவின் தேசியப் பேச்சு வானொலி அது. பாட்டு நிகழ்ச்சி மிகக் குறைவு. காலை 6 மணிக்குச் செய்தியும் அரசியல்வாதிகளிடம் நேரடிக் கேள்வியும் தொடங்கும். அப்புறம் வரலாறு, விஞ்ஞானம், 1946இலிருந்து வரும் பெண்களுக்கான நிகழ்ச்சி, பிற்பகலில் நாடகம், மாலையில் நகைச்சுவை. இரவில் ஒரு புத்தகத்தைத் தவணை தவணையாக வாசிக்கிறார்கள். இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் தமிழ் தேசிய சேவையும் இப்படி ஒரு முழுநாள் பேச்சு வானொலியாக வேண்டும் என்பது என் கருத்து. பாட்டுக்குத் தனியார் எஃப்எம் ஏராளமாக இருக்கிறது.

மஸ்கெலியா மலைமகன்:
அண்ணே, யாருக்காக இந்த மாற்றம்? எங்கள் அம்மா காலையில் பிரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்க, போகும் முன்பு அடுப்படியில் ரேடியோ போடுவார். ரொட்டி சுட வேண்டும், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த நேரத்தில் யாரோ வரலாற்றைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினால் எப்படிக் கேட்பார்? பேச்சுக்கு உட்கார்ந்து காது கொடுக்க வேண்டும். பாட்டு அப்படியில்லை, வேலையோடு வேலையாக ஓடும்.

பணத்தையும் பாருங்கள். பிரித்தானியாவில் தொலைக்காட்சி உரிமக் கட்டணம் 2025 ஏப்ரலில் வீட்டுக்கு ஆண்டுக்கு 174.50 பவுண்ட் ஆனது. ரேடியோ ஃபோர் நடப்பதும் அந்தப் பணத்தில்தான். ஒரு நாடகத்துக்கு எழுத்தாளர், நடிகர்கள், ஒலிப்பதிவு எல்லாம் வேண்டும். இங்கே யார் கொடுப்பது? தமிழில் பிபிசியே கைவிட்டது. 1941இல் தொடங்கிய தமிழோசை வானொலியை 2017 ஏப்ரல் 30ஆம் திகதியோடு நிறுத்தினார்கள். பேச்சு வானொலியின் காலம் போய்விட்டது.

ஹட்டன் டீச்சர்:
தம்பி, தமிழோசை நின்றதை வைத்து அப்படித் தீர்ப்புச் சொல்ல முடியாது. சிற்றலையை விட்டு இணையத்துக்கும் தொலைக்காட்சிக்கும் போவது அவர்கள் எடுத்த முடிவு. லயத்தில், அந்தத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், இரவு 9.15க்கு தமிழோசையைக் கேட்பதற்காகச் சாப்பாட்டை முன்கூட்டியே முடித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பெரிய படிப்புப் படித்தவர்கள் இல்லை. உலகத்தில் என்ன நடக்கிறது என்று அறியும் ஆசை அவர்களுக்கு இருந்தது. தொழிலாளிக்குப் பாட்டு மட்டும் போதும் என்று நாமே முடிவு செய்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நாடகத்தைச் செலவு என்று தள்ளிவிட வேண்டாம். நானுஓயா நேயர் சொன்ன அதே நிலையத்தில் 'தி ஆர்ச்சர்ஸ்' என்று ஒரு தொடர் நாடகம் உண்டு. 1951 ஜனவரி 1ஆம் திகதி நாடு முழுவதும் ஒலிபரப்பானது, இன்றும் ஓடுகிறது. போருக்குப் பின் பிரித்தானியாவில் உணவுப் பங்கீடு இருந்த காலம் அது. விளைச்சலைப் பெருக்கும் வழிகளை விவசாயிகளுக்குச் சொல்லத்தான் விவசாய அமைச்சின் ஆலோசனையோடு அதைத் தொடங்கினார்கள். யாரும் பாடம் நடத்தவில்லை. ஒரு கிராமம், ஒரு குடும்பம், அவர்களுடைய சண்டை சச்சரவு, அதற்குள்ளே தகவல். ஒரு தேயிலைத் தோட்டத்தை வைத்து நாம் ஏன் அப்படி எழுதக் கூடாது? சம்பளம், காணி உரிமை, கொழும்புக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகள், வீட்டில் தனியாகும் கிழவி எல்லாம் அதில் வரும். எழுதக்கூடியவர்கள் மலையகத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். இந்த நாட்டில் வானொலி 1925 டிசம்பர் 16ஆம் திகதி தொடங்கியது. நூறு வருடத்துக்குப் பிறகும் நம் வாழ்க்கைக்கு அதில் தினசரி இடம் கேட்க வேண்டியிருக்கிறது.

ஹல்துமுல்லைக்காரி:
இரண்டு பக்கத்தாரிடமும் ஒன்று கேட்கிறேன். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியது எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். எச்சரிக்கை இருந்தும் உயிர்கள் காப்பாற்றப்படவில்லை. எனக்கு வானொலி என்றால் முதலில் இதுதான்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மூன்று படியில் எச்சரிக்கை விடுகிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும், 100 தாண்டினால் தயாராக வேண்டும், 150 தாண்டினால் வெளியேற வேண்டும். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு. எங்கள் லயத்தில் இதை விளக்கமாகச் சொல்லத் தெரிந்தவர் எத்தனை பேர்? பெருமழையில் கரன்ட் போகும், பிறகு போன் சிக்னலும் போகும். மிஞ்சுவது பெட்டரி ரேடியோ. அதில் கொழும்புச் செய்தி வந்தால் எங்களுக்கு என்ன பயன்?

நானுஓயா நேயர்:
நான் சொல்ல வேண்டியதை நீங்கள் சொல்லிவிட்டீர்கள். ரேடியோ ஃபோரில் நள்ளிரவு 12.48க்கு, நமக்குக் காலை 6.18க்கு, அங்கே கோடையானால் 5.18க்கு, கடல் வானிலை வாசிக்கிறார்கள். 31 கடற்பகுதிகள், ஒவ்வொரு நாளும் ஒரே வரிசை, ஒரே நிதானமான குரல். மாலுமி தன் பகுதியின் பெயருக்காகக் காத்திருப்பார். கடலையே பார்க்காதவர்களும் கேட்கிறார்கள். நம் தேசிய சேவையும் மழைக்காலத்தில் தினமும் ஒரே நேரத்தில் அம்பகமுவ, கொத்மலை, வலப்பனை, ஹங்குராங்கெத்த, ஹல்துமுல்ல, பசறை என்று பிரதேசம் பிரதேசமாக வாசிக்கட்டும். இத்தனை மணி நேரத்தில் இத்தனை மில்லிமீற்றர், இந்த நிறம், இதைச் செய்யுங்கள் என்று. இதற்குப் பெரிய பணம் தேவையில்லை.

மஸ்கெலியா மலைமகன்:
இதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் இதற்கு முழுநாள் பேச்சு எதற்கு? பத்து நிமிடம் போதும். இன்னொரு பக்கம், எங்கள் பள்ளத்தில் எஃப்எம் ஒழுங்காகவே பிடிக்காது, மலை மறைத்துவிடும். எச்சரிக்கை யாருக்கு அதிகம் வேண்டுமோ அவருக்கே ஒலி போய்ச் சேராது. நாடகத்துக்குக் கேட்கும் பணத்தை முதலில் ஒலியை வாங்கி மறுபடி அனுப்பும் அஞ்சல் கோபுரங்களுக்குக் கேளுங்கள்.

ஹட்டன் டீச்சர்:
கோபுரமும் வேண்டும், பேச்சும் வேண்டும். தம்பி, பத்து நிமிட எச்சரிக்கையை மட்டும் போட்டால் யாரும் அந்த நேரத்துக்குப் பெட்டியைத் திறக்கமாட்டார்கள். தினமும் கேட்கும் குரல் என்றால்தான் ஆபத்து நாளில் அதை நம்பி வீட்டை விட்டு இறங்குவார்கள். மாலை 7 மணிக்குக் கால் மணி நேரம் தோட்ட நாடகம், அதைத் தொடர்ந்து மழை அறிவிப்பு. ஆட்கள் மலையிலிருந்து வந்து குளித்து அமரும் நேரம் அது.

மஸ்கெலியா மலைமகன்:
மாலை 7 மணி சரி, டீச்சர். காலைப் பாட்டில் மட்டும் கை வைக்க விடமாட்டேன்.

ஹல்துமுல்லைக்காரி:
அறிவிப்பை வாசிப்பவர் மலையகத்து ஆளாக இருக்க வேண்டும். எந்தத் தோட்டம் எந்த ஆற்றோரத்தில் இருக்கிறது என்று தெரிந்தவராக.