பிள்ளை கேட்ட கேள்வி, இன்னும் மனசை விட்டுப் போகாதது

பெரம்பூர் அம்மா:
29சி பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தால் மகளுக்குக் கடை போர்டு படிப்பதுதான் வேலை. ஒன்றாம் வகுப்பு. எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், ஆனால் ஒன்றையும் விட மாட்டாள். லஸ் பக்கம் சிக்னலில் நின்றபோது 'அடகுக் கடை' என்று படித்துவிட்டு, "இங்க என்னம்மா விப்பாங்க?" என்றாள். பக்கத்து சீட் பெரியவர், "சின்னப் பிள்ளை கேக்குற கேள்வியா இது? சும்மா வா" என்றார். நான் வாய் திறப்பதற்குள் கண்டக்டர் குனிந்து, "எதுவும் விக்க மாட்டாங்க பாப்பா. நம்ம நகையை வச்சுக்கிட்டுப் பணம் தருவாங்க. வட்டியோட கட்டினா நகை திரும்ப வரும்" என்றார். அவள் யோசித்தாள். "கட்டலைன்னா?" அவர் முகம் சட்டென்று வாடிவிட்டது. விசிலை ஊதிவிட்டுப் பின்பக்கம் போய்விட்டார். யார் வீட்டு நகை ஞாபகம் வந்ததோ. அந்த முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

கோட்டூர்புரத்துக்காரன்:
பெரியவர் சொன்னதில் எனக்குத் தப்பு தெரியவில்லை. கடன், வட்டியெல்லாம் அந்த வயதில் எதற்கு? அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குக் கூட்டிப் போங்கள். 2010-ல் திறந்தது, குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு, உள்ளேயே ஒரு செயற்கை மரம். அந்த மரத்தடியில் உட்கார்ந்து டைனோசர் புத்தகத்தை விட மாட்டேன் என்று என் பையன் அழுதான், அவ்வளவுதான் என் கதை. ஆனால் ஒன்று, புத்தகத்தை நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள். அவளே எடுக்கட்டும். வயதுக்கு மீறியதாக இருந்தால் படமாவது பார்க்கட்டும். படித்து முடித்ததும் "என்ன புரிஞ்சுது, சொல்லு" என்று பரீட்சை வைக்காதீர்கள். போனைப் பையில் போட்டுவிட்டு நீங்களும் ஒரு புத்தகத்தோடு உட்காருங்கள். ராத்திரி அதே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டாலும் சலிக்காமல் வாசித்துக் காட்டுங்கள். அப்புறம், வீட்டில் பருப்பு டப்பா, புளி டப்பாவில் அவள் கையாலேயே பேர் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். மளிகைச் சீட்டையும் அவளே எழுதட்டும்.

திருவான்மியூர் தாத்தா:
தம்பி, வயதுக்கு மீறிய புத்தகம் எடுக்கலாம், வயதுக்கு மீறிய கேள்வி கேட்கக் கூடாதா? பேத்தியை ஆமை நடைக்குக் கூட்டிப் போயிருந்தேன். 1988-லிருந்து மாணவர்கள் நடத்துகிறார்களே, நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ராத்திரியில் கடற்கரையோரம் நடந்து, ஆமை முட்டைகளைத் தேடி எடுத்துப் பத்திரமான இடத்தில் பொரிக்க வைப்பது, அதுதான். பங்குனி ஆமை என்கிற கடலாமை முட்டையிட்ட குழி. ஒரு மாணவி முழங்கைக்கு மேல் வரை கையை மணலுக்குள் விட்டு முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். "இதுல எது பொண்ணு?" என்றாள் பேத்தி. "இன்னும் முடிவாகலைடா. மணல் சூடா இருந்தா பொண்ணு நிறைய வரும், குளிர்ச்சியா இருந்தா பையன்" என்றாள் அந்த மாணவி. பேத்தி உடனே மண்டியிட்டு, குழிக்குப் பக்கத்தில் உள்ளங்கையை மணலில் அழுத்தி வைத்துப் பார்த்தாள். யாரும் சொல்லித் தரவில்லை.

பெரம்பூர் அம்மா:
டப்பா யோசனை நல்லது சார், செய்கிறேன். ஆனால் அடகு விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டேன். எங்கள் வீட்டு வளையல் போய் வந்ததை அவள் பார்த்திருக்கிறாள், கேட்கத்தான் செய்வாள். ஐயா, ஆமைக் குஞ்சுகளை எப்போது பார்க்கலாம்?

திருவான்மியூர் தாத்தா:
மார்ச், ஏப்ரலில் பெசன்ட் நகர் கடற்கரைக்கு சாயங்காலம் வாங்கம்மா. குஞ்சுகளை அங்கேதான் விடுவார்கள். போன் லைட் மட்டும் போடாதீர்கள், கடல் என்று நினைத்து வெளிச்சத்தின் பக்கம் திரும்பிவிடும்.