1975இல் பாம்பன் பாலத்தில் பஸ்? ஒரு தொகுப்புக்கு உதவி தேவை

வணக்கம். மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பெரியவர்களின் வேடிக்கை அனுபவங்களைத் தொகுக்கிறோம். மிகையை எங்கே வெட்டுவது என்பதில்தான் குழப்பம்.

முழுப் புளுகால் தொந்தரவே இல்லை. "திருக்கைக்கு வால் மண்டபத்துல, தலை பாம்பன்ல" என்றால் படிப்பவர் சிரித்துவிட்டுப் போவார். 40 கிலோ மீனை 60 கிலோ என்று எழுதினால்தான் வம்பு: சிரிப்பும் வராது, நம்பியும் விடுவார்கள். அப்படி வந்தால் நிஜ எடைக்கு இறக்குகிறோம், இல்லையென்றால் இன்னும் ஊதிவிடுகிறோம். ஊர், ஆண்டு, உடனிருந்தவர் பெயரில் கைவைப்பதில்லை. 1964 புயல் பக்கங்களில் மிகையே கிடையாது.

இப்போது சிக்கியிருப்பது ஒரு பஸ். 1975இல் பாம்பன் பாலத்து நடுவில் பஸ் நின்றுபோய், கண்டக்டர் கடலைப் பார்த்து விசில் ஊதினாராம். அருமையான கதை! ஆனால் சாலைப் பாலம் திறந்ததே 1988இல். அதுவரை பாலமென்றால் ரயில் பாலம்தான். ஆண்டு பிசகா, வண்டி பிசகா? நேராகக் கேட்டால் பெரியவருக்குக் கோபம் வரும். "டிக்கெட் எவ்வளவு? கூட யார் வந்தது?" என்று சுற்றிக் கேட்க வேண்டும்.

1988க்கு முன் ரயிலில் தீவுக்குப் போய்வந்தவர்கள், நடுப்பாலத்தில் வண்டி நின்றது நினைவிருந்தால் சொல்லுங்கள். ஆண்டைத் திருத்தினால் அடிக்குறிப்பு போடுவீர்களா, அல்லது "அப்போதெல்லாம்" என்று மாற்றிவிடுவீர்களா?