பால்கனி சோலார்: பழைய வயரிங் தாங்குமா?

வணக்கம். ஜெர்மனியில் இருப்பவர்கள், முக்கியமாக எலக்ட்ரீஷியன் வேலை தெரிந்தவர்கள் உதவுங்கள்.

டோர்ட்முண்டில் வாடகை வீடு, ரொம்பப் பழைய கட்டிடம். பால்கனியில் இரண்டு சோலார் பேனல் மாட்டி, சுவரில் இருக்கும் சாதாரண பிளக் பாயிண்டிலேயே செருகப்போகிறேன். 2024 மே மாதம் முதல் இன்வெர்ட்டர் (பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் கருவி) 800 வாட் வரை இருக்கலாம், பதிவும் சுலபம். பிளக்கைப் பிடுங்கியதும் தரமான இன்வெர்ட்டர் உடனே நின்றுவிடும். அதுவும் சரி.

என் கவலை சுவருக்குள் ஓடும் வயர்தான். பேனலின் மின்சாரம் பியூஸ் வழியாக வருவதில்லை. நேரே பிளக் பாயிண்டில் நுழைகிறது. அதே லைனில் வாஷிங் மெஷினும் ஹீட்டரும் சேர்ந்து ஓடினால், பியூஸ் அறியாமலே வயர் சூடேறுமே? வீட்டில் கைக்குழந்தை வேறு.

தனி லைன் இழுத்தவர்கள் யாராவது உண்டா? செலவு எவ்வளவு ஆனது? வீட்டு ஓனர் சம்மதித்தாரா?